வெளுக்கப்படும் முகங்கள்

திருமணப் பேச்சு தொடங்கிய இல்லத்திலிருந்து பெண்ணுக்கு முன்பாகப் பெண்ணின் நிழற்படம்தான் பயணம் புறப்படுகிறது. ஆர்.எஸ்.புரத்தின் திவான் பகதூர் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் உள்ள ஸ்டுடியோக்களுக்குப் பெற்றோர் மகளை அழைத்து வருகின்றனர். பட்டும் நகையும் அணிவித்துப் படம் எடுத்தபின், கணினித் திரையை எட்டிப் பார்த்து, "கொஞ்சம் கலரைத் தூக்கி விடுங்கள்" என்று தாழ்ந்த குரலில் சொல்லுகின்றனர். மகள் அருகில்தான் நிற்கிறாள். அவள் காதிலும் அது விழத்தான் செய்கிறது. நம் இறைமக்களின் குடும்பங்கள் இதற்கு விலக்கல்ல. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, மன்றாடி, திருவருட்சாதனமாக நாம் கொண்டாடும் ஒரு பந்தம், ஒரு பொய்யான முகத்தைக் காட்டித் தொடங்கப்படுவது சிறு செய்தியா?

கேமரா உள்ளதைவிடக் கறுப்பாகக் காட்டுகிறது, அதைச் சரிசெய்கிறோம், அவ்வளவுதான் என்று சிலர் சமாதானம் கூறுவர். ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியையே நன்கு உணர்ந்தன. செந்நிறத்தை அவை அறியா. செம்மையும் மஞ்சளும் கலந்த நம் மாநிற முகங்கள் அவற்றில் கண் கண்டதைவிடக் கறுத்தே பதிந்தன. அக்குறையை ஈடுசெய்ய ரீடச்சிங் மேசை உதவிற்று. சாய்வான கண்ணாடிமீது நெகட்டிவை வைத்து, பின்னிருந்து ஒளி வரச்செய்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்தின்மேல் நுண்ணிய புள்ளிகள் இடுவார்கள். நெகட்டிவில் கருமை கூடிய இடம் அச்சில் வெண்மையாகும். கரிய பென்சிலைக் கொண்டே கருமையைப் போக்கிய விந்தை அது! பொறுமையும் கைத்தேர்ச்சியும் வேண்டிய அத்தொழிலைச் செய்தவர்களை நாம் இகழவில்லை.

ஆனால் எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வந்துவிட்டது. நம் அண்டையில், உதகையில், 1967 முதல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் செய்து தந்தது. அவ்வாலை பின்னர் மூடப்பட்டுவிட்டது. தகட்டின் குறை தீர்ந்தது, பென்சிலோ ஓயவில்லை.

அடுத்து வண்ணச்சுருள் வந்தது. அமெரிக்கக் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் கன்னம் சரியாக வந்தால் அச்சு சரி என்று பொருள். கறுப்பு, பழுப்பு முகங்கள் அந்த அளவுகோலில் விழுந்து நசுங்கின. நிறுவனம் பழுப்பு நிறத்தைத் திருத்த முற்பட்டதற்கு ஒரு காரணம் கறுப்பின மக்களின் முறையீடு அன்று. மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் தங்கள் பொருள்களின் நிறம் சரியாகப் பதியவில்லை என்று குறைப்பட்டதுதான்! மனித முகத்திற்குக் கிடைக்காத நீதி மேசை நாற்காலிக்குக் கிடைத்தது. பின்னர் பல இனத்தவர் முகங்களைக் கொண்ட அட்டைகளும் வந்தன. 2021இல் கூகுள் நிறுவனமே தன் கைப்பேசிக் கேமராவைக் கருநிற முகங்களுக்கு ஏற்பத் திருத்தியதாக அறிவித்தது. ஆக, கருவியின் குறை ஒவ்வொன்றாகத் தீர்ந்துவருகிறது. "கலரைத் தூக்கி விடுங்கள்" என்ற குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி, தொழில் நுணுக்கத்திற்கு வருவோம். நம் மணப்பெண்கள் வெண்பட்டு உடுத்துகிறவர்கள். கேமராவின் ஒளிமானி தான் காணும் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கொண்டு கணக்கிடும். சட்டகம் நிறைய வெண்பட்டு இருந்தால், வெளிச்சம் மிகுந்துவிட்டதென்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடும். முகம் இருளில் அமிழும். தேர்ந்த கலைஞர் சேலையை அளக்கமாட்டார், முகத்தை அளப்பார். நேர் எதிரே பிளாஷ் அடித்து முகத்தைத் தட்டையாக்கமாட்டார். சன்னலருகே நிறுத்தி ஒளியைப் பக்கவாட்டிலிருந்து வரவிடுவார். வெளிறிய தோலில் நிழல்தான் முகத்தின் வடிவைக் காட்டுகிறது. கரிய தோலிலோ ஒளியின் பளபளப்பே வடிவைக் காட்டும்; நெற்றி, கன்னத்து எலும்பு, மூக்கின் நுனி என்று ஒளி தங்கும் இடமெல்லாம் சிற்பம்போல் எழும். அப்பிய பவுடர் இந்தப் பளபளப்பைக் கொன்று முகத்தைச் சாம்பல் பூத்ததாக்குகிறது. கரிய முகம் படத்திற்கு ஒவ்வாது என்பவர் தம் கைத்திறனின் வறுமையையே சொல்லுகிறார். (திருப்பலி வேளையில் பீடத்தருகே முண்டியடிக்கும் கேமராக்களைப் பற்றிப் பிறிதொரு நாள் பேசுவோம்.)

மாற்றி அமைப்பது கலையின் உரிமையன்றோ, கறுப்பு வெள்ளைப் படமே இயற்கைக்கு மாறானதுதானே என்று கேட்போரும் உளர். நியாயமான கேள்வி. இருட்டறையில் அச்சிடும்போது கையால் மறைத்து ஓரிடத்தை வெளிறச் செய்வதும், இன்னோரிடத்தை இருளச் செய்வதும் இக்கலையின் பழைய உரிமைகளே. ஆயினும் நிழலில் மறைந்த கண்ணை வெளிக்கொணர்வது வேறு. இல்லாத தோலைப் போர்த்துவது வேறு. முன்னது அவளைக் காட்டுகிறது; பின்னது அவளை நீக்கிவிட்டு வேறொருத்தியை நிறுத்துகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் ஒரு கணம் திகைத்து நிற்கிறார்களே, அந்தக் கணத்தின் சுமையை யார் சுமக்கிறார்? படத்தைத் திருத்தச் சொன்ன தந்தையா? சுட்டெலியைச் சொடுக்கிய இளைஞரா?

இந்த இகழ்ச்சி நம் மரபிலிருந்து வந்ததன்று. சங்கப் புலவர் தலைவியை 'மாயோள்' என்றனர். மாமை அவர்களுக்கு அழகின் பெயர். திருவிவிலியத்தின் இனிமைமிகு பாடலில் தலைவி தன் கருநிறத்தையும் தன் அழகையும் ஒரே மூச்சில் அறிக்கையிடுகிறாள். எபிரேய மூலத்தில் அவ்விரண்டையும் இணைப்பது ஒரே ஓர் எழுத்து. அது 'உம்' எனவும் பொருள்படும், 'ஆனால்' எனவும் பொருள்படும். பழைய கிரேக்கப் பெயர்ப்பு 'உம்' என்றது. புனித எரோணிமுஸ் இலத்தீனில் 'ஆனால்' என்றார். அந்த 'ஆனால்' இன்றும் நம் கல்யாணத் தரகர்களின் நாவில் வாழ்கிறது: "பெண் கறுப்புதான், ஆனால் களையான முகம்." நம் ஆலயச் சுரூபங்களின் ரோசாநிறக் கன்னங்களும் இந்த 'ஆனாலு'க்குத் துணைபோகின்றன என்பதை மறைப்பானேன்?

1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் தன் பெயரிலிருந்து வெண்மையை நீக்கி 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. வணிகர்களே பெயரளவிலேனும் கூசினர். 2017இல் சென்னையில் பரத்வாஜ் சுந்தர், நரேஷ் நில் என்னும் இருவர் கருநிற மாந்தரையே இலக்குமியாகவும் முருகனாகவும் ஒப்பனை செய்து படம் எடுத்து, நாள்காட்டித் தெய்வங்களின் வெளுப்பைக் கேள்விக்குள்ளாக்கினர். பிற சமயத்தவர் தம் இல்லத்துப் படங்களை இப்படித் துணிந்து விசாரிக்கின்றனர்.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியது இதைவிட எளிது. ஸ்டுடியோவில் பணம் கட்டும்போதே, நிறத்தைத் தொடவேண்டாம் என்று ரசீதில் எழுதச் சொல்லலாம். பவுடரை வீட்டிலேயே விட்டுவரலாம். இரண்டு படங்களை மகளிடமே கொடுத்து, இதில் எது நீ என்று கேட்டு, அவள் காட்டுவதை அனுப்பலாம். அதைக் கண்டு வேண்டாமென்று சொல்லும் வீட்டார், நம் வாசற்படி ஏறாமலே போகட்டும்.