போட்டிப் பாடமும் பாட்டாளி வீட்டுப் பிள்ளைகளும்

மில் தொழிலாளியின் மகன் இன்று கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறான். விவசாயக் கூலியின் மகளும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். பட்டப் படிப்பில் அவர்களுக்கு மூன்று பாடங்கள் வருகின்றன. ஒன்று, போட்டி. இரண்டு, சந்தை தோற்றுப் போகும் இடங்கள். மூன்று, அரசாங்கக் கட்டுப்பாடு. "இதெல்லாம் முதலாளிகளின் பாடம். நமக்கு இதனால் என்ன பிரயோஜனம்?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். பிரயோஜனம் உண்டு என்பதே நமது பதில்.

முதல் பாடம் என்ன சொல்கிறது? விற்பவர்கள் ஏராளம், வாங்குபவர்கள் ஏராளம். தனி ஒருவரால் விலையை நிர்ணயிக்க முடியாது. எல்லோருக்கும் எல்லா விவரமும் தெரியும். யார் வேண்டுமானாலும் தொழிலில் நுழையலாம், வெளியேறலாம். இத்தனையும் இருந்தால் விலை அடக்கச் செலவை நெருங்கும், மக்களுக்கு நன்மை என்கிறது. இவை நிபந்தனைகள். புத்தகம் இவற்றை ஒளிக்கவில்லை. ஆனால் அதே பாடம் முதலாளிகளின் மேடைக்கு வரும்போது நிபந்தனைகள் காணாமல் போகின்றன. "சந்தையை அதன் போக்கில் விடு" என்ற கூச்சல் மட்டுமே மிஞ்சுகிறது.

சிமெண்டை எடுத்துக்கொள்வோம். பல கம்பெனிகள், பல பெயர்கள், பல மூட்டைகள். பார்த்தால் போட்டி போலத்தான் தெரியும். ஆனால் 2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம் என்ன கண்டது? பதினோரு கம்பெனிகள் தங்கள் சங்கத்தின் மூலம் விவரங்களைப் பரிமாறிக்கொண்டு, ஆலையின் முழுத்திறனையும் பயன்படுத்தாமல் உற்பத்தியைக் குறைத்து, விலையை ஏற்றின என்று கண்டது. சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிறகு நடந்தது என்ன? 2015ல் அந்த உத்தரவு ரத்தாகி, வழக்கு திரும்ப வந்தது. 2016ல் ஆணையம் மறுபடியும் அபராதம் விதித்தது. 2018ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. மூட்டைக்கு விலை ஏற ஒரு நாள் போதும். தண்டனைக்கோ ஆண்டுகள் போதவில்லை!

கூட்டுச் சேருவது விற்பனையில் மட்டுமா? கூலியிலும் உண்டு. வேலை கொடுப்பவர் ஒருவராகவோ, பேசி வைத்துக்கொண்ட சிலராகவோ இருந்தால் உழைப்பின் விலையை அவர்களே வைப்பார்கள். 1933ல் ஜோன் ராபின்சன் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்து எழுதினார். இங்கே புத்தகம் கூறும் ஓர் உண்மையைத் தொழிலாளி ஒவ்வொருவரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இத்தகைய சந்தையில் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால், ஓரளவு வரை, வேலை குறையாது, கூடக்கூட வாய்ப்புண்டு. "கூலி கேட்டால் வேலை போகும்" என்று மிரட்டும் முதலாளிக்கு அவர் மகன் படிக்கும் புத்தகமே பதில் சொல்கிறது. இந்தப் பதிலை நம் பிள்ளைகள் அறிந்துவர வேண்டாமா?

இரண்டாவது பாடத்திற்கு நொய்யல் ஆற்றைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, திருப்பூரைக் கடந்து, காவிரியில் கலக்கும் ஆறு அது. பனியனுக்குச் சாயம் ஏற்றிய பட்டறைகளின் கழிவு அதில் விழுந்தது. பாசனத்திற்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீரின் தேக்கமாயிற்று. கிணறு கெட்டது, வயல் கெட்டது. பனியனின் விலையில் நூல் இருந்தது, கூலி இருந்தது, லாபம் இருந்தது. கெட்டுப்போன கிணற்றின் கணக்கு மட்டும் அதில் இல்லை. இதைத்தான் சந்தையின் தோல்வி என்று புத்தகம் சொல்கிறது. நஷ்டம் விளைவிப்பவன்மீது அந்த நஷ்டத்துக்கு ஈடாக வரி போடு என்று 1920ல் பிகு எழுதினார். உரிமை யாருக்கு என்பது தெளிவாயிருந்து, பேரம் பேசச் செலவில்லை என்றால் இருதரப்பும் தாமே பேசித் தீர்க்கலாம் என்று 1960ல் கோஸ் எழுதினார்.

பேரம் பேசுவதா? நூற்றுக்கணக்கான பட்டறைகளோடு ஆயிரக்கணக்கான விவசாயிகள் எங்கே உட்கார்ந்து பேசுவது? நிலமே இல்லாத கூலியாள் எந்த உரிமையைக் காட்டிப் பேசுவது? நஷ்டஈடு என்றால் சர்வே நம்பரைக் கேட்பார்கள். வேலை இழந்த கைகளுக்கு என்ன நம்பர்? இந்தக் கேள்வியை வகுப்பில் எழுப்ப வேண்டியவர்கள் நம் பிள்ளைகளே.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006ல் உத்தரவு வந்தது, அது நிறைவேறவில்லை. 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறை மூடியதும் நடுத்தெருவில் நின்றது யார்? சாயத்தொட்டியில் கை வெந்த தொழிலாளி. ஆற்றோரத்தில் விவசாயக் கூலி, பட்டறையில் தொழிலாளி. இருவரையும் எதிரெதிரே நிறுத்தப் பார்த்தார்கள். ஆனால் உண்மை என்ன? கழிவைச் சுத்தம் செய்யும் செலவை மிச்சம் பிடித்தவர் இருவருக்கும் ஒருவரே.

மூன்றாவது பாடம் கட்டுப்பாடு. சட்டங்கள் இல்லாமலில்லை. 1969ல் ஏகபோகத் தடுப்புச் சட்டம் வந்தது. பெரிய கம்பெனிகள் விரிவடைய சர்க்காரின் அனுமதி வேண்டும் என்றது. 1991ல் அந்தப் பல் பிடுங்கப்பட்டது. 2002ல் போட்டிச் சட்டம் வந்தது. பெரிதாக வளர்வது குற்றமல்ல, பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம் என்றது. கட்டுப்படுத்த வந்த அமைப்பையே கம்பெனிகள் தம் கைக்குள் போட்டுக்கொள்வதுண்டு என்று 1971ல் ஸ்டிக்ளர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதினார். உண்மைதான். ஆனால் இதைச் சொல்லிச் சிலர் "ஆகவே கட்டுப்பாடே வேண்டாம்" என்கிறார்கள். காவல்காரன் திருடனோடு சேர்ந்துவிட்டான் என்பதற்காகக் களத்து நெல்லைக் காவலின்றி விடுவார்களா? ஊரே கூடிக் காவல் காப்பார்கள்.

அந்த ஊர்க்காவல்தான் சங்கம். பரிசோதனை அதிகாரி ஆலைக்கு வரும் நாளில் தொழிலாளர் பிரதிநிதி உடன் செல்ல வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனையின் முடிவு தமிழில், ஊர்ச்சாவடியில் ஒட்டப்பட வேண்டும். நஷ்டஈட்டுக் கணக்கில் நிலமில்லாத கூலியின் இழந்த நாட்களும் சேர வேண்டும். பட்டறையை மூடும் உத்தரவு வந்தால், மூடிய நாட்களுக்கு முதலாளி கூலி தர வேண்டும். இவற்றைக் கேட்க கோஷம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்.

ஆகவே, கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கு நாம் கூறுவது இதுதான்: பாடத்தைத் தள்ளாதீர்கள், நன்றாகப் படியுங்கள். பரீட்சையில் தேறுங்கள். ஒவ்வொரு சூத்திரத்தின் அருகிலும் அதன் நிபந்தனையை எழுதிவையுங்கள். வாரம் ஒரு மாலை சங்க அலுவலகத்திற்கு வந்து, படித்ததைப் பெற்றோருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். பெற்றோர்களே, நீங்களும் சும்மா கேட்டுக்கொண்டிராதீர்கள். "எங்கள் ஆலையில் அப்படியா நடக்கிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். புத்தகம் அறியாத கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு கணக்கும் ஒன்று சேரட்டும்!