பெயர் இல்லாத கோப்பு இருந்தும் இல்லாததுதான்

நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது பழைய தமிழ் நூல்களை இணையத்திலிருந்து இறக்கிச் சேர்த்து வருகிறார்கள். மூர் மார்க்கெட்டில் வெயிலில் தேடி அலைந்த தலைமுறைக்கு இது பெரிய வரம்தான். ஆனால் இறக்கி வைத்தால் மட்டும் போதுமா? போதாது என்பது என் கட்சி.

மதுரைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அங்கே ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் உண்டு. கோப்பின் பெயரும் அந்த எண்ணை ஒட்டியே இருக்கும். 0001 என்றால் திருக்குறள். அந்தத் தளத்துக்கு அது சரியான முறை. நம் கணினியில் அப்படி நூறு எண்கள் வரிசையாக நின்றால், ஆறு மாதம் கழித்து எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

"தேடினால் கிடைத்துவிடுமே" என்பார்கள். பல பழைய நூல்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தவை. எழுத்தைப் பிரித்தறியும் வேலை நடக்காத கோப்பில் கணினிக்கு ஒரு சொல்லும் தெரியாது. அங்கே கோப்பின் பெயர் ஒன்றுதான் பிடி.

ஒவ்வொன்றாக இறக்கிப் பெயர் மாற்றினால் ஒரு நூலுக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு நூலுக்கு இரண்டரை மணி நேரம். பத்தாவது நூலிலேயே கை சலித்துவிடும். அதற்குத்தான் ஷெல் ஸ்கிரிப்ட். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நாம் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைப்பது, அவ்வளவே. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் 'பாஷ்' 1989-லேயே வந்துவிட்டது.

செய்முறை இதுதான். ஒரு பட்டியலில் வரிக்கு ஒரு நூலாக எண், தலைப்பு, இணைய முகவரி மூன்றையும் எழுதுங்கள். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரியாகப் படித்து, 'டபிள்யூகெட்' என்ற கருவியால் கோப்பை இறக்கி, '0001-திருக்குறள்' என்று பெயரிட்டுச் சேமிக்கும்.

மூன்று ஒழுக்கங்கள் முக்கியம். ஒன்று, எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போடுங்கள். இல்லாவிட்டால் 10 முன்னால் வந்து 2 பின்னால் போய்விடும். இரண்டு, பெயர் மாற்றும் கட்டளை, அதே பெயரில் வேறு கோப்பு இருந்தால் கேட்காமலேயே அதை அழித்து எழுதிவிடும். அதைத் தடுக்கும் குறியைச் சேருங்கள். முதலில் 'எக்கோ' போட்டு, என்ன நடக்கப்போகிறது என்பதைத் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று, ஒவ்வொரு கோப்புக்கும் இடையே ஐந்து விநாடி இடைவெளி விடுங்கள். நூறு நூலுக்கு எட்டு நிமிடம் கூடுதலாகும், ஆகட்டுமே. தன்னார்வலர்கள் நடத்தும் தளத்தை ஒரே மூச்சில் உறிஞ்சுவது அன்னதானப் பந்தியில் அண்டாவையே தூக்கிக்கொண்டு போவதற்குச் சமம்.

ஸ்கிரிப்டை இளைஞர்கள் யாராவது எழுதிக் கொடுக்கலாம். பட்டியலை மட்டும் நாமே எழுத வேண்டும். எந்தப் பதிப்பு, யார் உரை, எந்த ஆண்டு என்பது படித்தவருக்குத்தான் தெரியும். நமக்குப் பின் இந்த வட்டைத் திறக்கும் பேரப்பிள்ளைக்கு அந்த ஒரு வரிதான் வழிகாட்டி. அது இல்லையென்றால் ஏதோ குப்பை என்று ஒரே தட்டில் அழித்துவிடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது.

இன்றே பத்து நூல்களுக்குப் பட்டியல் போட்டுப் பாருங்கள்.