சும்மாவா இருக்கிறார்கள்?



நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் குடும்பம்' என்னும் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். பல ஏடுகளில் இப்படித்தான் வரும்: "என் தந்தை லாரி ஓட்டுநர். என் தாயார் வேலை செய்யவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் சும்மா இருக்கிறார்." வல்லினம் மிகும் இடத்தையும் மிகா இடத்தையும் தேடித் தேடிச் சிவப்பு மையால் வட்டமிடுவது ஆசிரியர் கடமை. அப்படியிருக்க, இந்தச் 'சும்மா'வைத் திருத்தாமல் விடுவது முறையாகுமா?

அந்தப் பிள்ளை பொய் எழுதவில்லை. வீட்டில் நாள்தோறும் கேட்பதை எழுதியிருக்கிறது. ஞானிகள் 'சும்மா இருத்தல்' என்பதை எளிதில் வாய்க்காத பெருநிலையாகப் போற்றினார்கள். இரண்டு அகவைக் குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கு அந்த நிலை எந்தப் பிறவியில் வாய்க்குமோ தெரியாது!

அவரது முற்பகலைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலையில் அரிசி வாளி கவிழும். அதை அள்ளி முடிப்பதற்குள் திருநீற்றுக் கிண்ணம் பூசை மாடத்தைவிட்டு இறங்கியிருக்கும். பாதி தலையில், பாதி வாயில். முகம் கழுவிவிட்டுத் திரும்பினால், கைப்பேசி கழிவறைத் தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும். குப்பை போட வெளியே வந்தால், பிள்ளை உள்ளே தாழிட்டுக்கொண்டு கைகொட்டிச் சிரிக்கும். இவையெல்லாம் பிறகு சொல்லிச் சிரிக்கத் தக்கவை. சுடச்சுட வைத்த மைலோவை மேசை விரிப்போடு இழுத்து மேலே கவிழ்த்துக்கொண்டால் அது சிரிப்பன்று. விளையாட்டுப் பொருளிலிருந்து கழன்ற பொத்தான் மின்கலத்தை விழுங்கிவிட்டாலும் சிரிப்பன்று. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே அது கடும் புண்ணை உண்டாக்கக்கூடும்.

இப்படி ஏதேனும் நேர்ந்துவிட்டால் உடனே எழும் கேள்வி என்ன? "சும்மாதானே இருந்தாய், கண் எங்கே போயிற்று?" கணவர் கேட்பார், மாமியார் கேட்பார், கேட்க உரிமையே இல்லாத பக்கத்து வீட்டாரும் கேட்பார்கள். நாள் முழுதும் பத்து விபத்துகளைத் தடுத்தவருக்கு ஒரு நன்றி இல்லை. பதினொன்றாவதைத் தவறவிட்டவருக்குத் தீர்ப்பு மட்டும் உடனே கிடைக்கிறது. இது என்ன நீதி?

"எங்கள் காலத்தில் ஆறு பிள்ளைகளை வளர்த்தோம், மரமும் சீவினோம்" என்று மூத்தோர் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால், விடியுமுன் பெரட்டுக்குப் போன அந்தத் தாய்மார்கள் பிள்ளையை எங்கே விட்டுச் சென்றார்கள்? ஆயாக்கொட்டகையில்! பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே அங்கே ஓர் ஆயா இருந்தார். அதற்கு அவருக்குச் சம்பளம் உண்டு. 'ஆயா சும்மா இருக்கிறார்' என்று தோட்டத்தில் எவரும் சொன்னதில்லை. பிள்ளை லயத்து வாசலைத் தாண்டி ஓடினால் அழைத்துவர அத்தையோ பாட்டியோ இருந்தார்கள். ஆயாக்கொட்டகை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. வரிசையாகத் தொங்கிய சேலைத் தொட்டில்களை ஒருவரே ஆட்டிய அவலமும் அங்கே உண்டு. எனினும், அந்த வேலை வேலையாகவே மதிக்கப்பட்டது.

1980களுக்குப் பிறகு ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறின. நம் கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டம் இருந்த நிலத்தில் இன்று நகரியம் நிற்கிறது. தோட்டத்து மக்கள் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். ஒரு லயமே பகிர்ந்துகொண்ட காவல், இரும்புக் கதவுக்குப் பின்னால் தனியாக நிற்கும் ஒருத்தியின் தலையில் வந்து விழுந்தது. சுமை கூடிற்று, மதிப்பு குறைந்தது!

"அப்படியானால் தாய்க்குக் கவனம் வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். வேண்டும். ஆனால், ஒருவர் கண்ணை மட்டும் நம்பிக் குழந்தையைக் காக்க இயலாது. குழந்தைகளுக்கு நேரும் காயங்களைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2008இல் வெளியிட்ட அறிக்கை, சாலை விபத்து, நீரில் மூழ்குதல், தீப்புண், விழுதல், நச்சு ஆகிய ஐந்தையும் பேசுகிறது. சன்னல் கம்பி, பிள்ளைகள் திறக்கவியலாத மருந்து மூடி என்று சுற்றுப்புறத்தைத் திருத்துவதே அது வலியுறுத்தும் வழி. இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். குழாயில் நீர் நின்றுவிடும் என்ற அச்சத்தில் வாளியிலும் பீப்பாயிலும் நீர் பிடித்து வைப்பது சிலாங்கூர் மக்களின் வழக்கம். 2014ஆம் ஆண்டின் தண்ணீர்ப் பங்கீட்டை யாரும் மறந்திருக்கமாட்டோம். தலைகுப்புற விழும் தளிர்நடைப் பிள்ளைக்கு அரை வாளி நீரே எமன். அந்த வாளிக்கு மூடி போடுவது வீட்டிலுள்ள எல்லார்க்கும் பொதுவான வேலையன்றோ?

சட்டம் என்ன சொல்கிறது? 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தகுந்த கண்காணிப்பின்றிப் பிள்ளையை விட்டுச் செல்வதைக் குற்றமாக்குகிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனை 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அச்சட்டம் பெற்றோரையும் பாதுகாவலரையும் சேர்த்தே பேசுகிறது; தாய் ஒருத்தியை மட்டும் சுட்டவில்லை. சுட்டுவது நம் வாய்தான்.

வீடும் ஒரு பணியிடமே என்பதை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டுவிட்டது. 2022ஆம் ஆண்டு இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு திசம்பர் முதல் நடப்பில் உள்ளது. ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தா. வீட்டு வேலையில் நேரும் விபத்துக்கும் உடல் முடங்கும் நிலைக்கும் அது சொக்சோ வழியாகப் பாதுகாப்பு அளிக்கிறது. 55 அகவைக்கு உட்பட்ட பெண்கள் சேரலாம். மாதம் பத்து வெள்ளி! நம் குடும்பங்களில் எத்தனை கணவர்கள் இதைக் கட்டியிருக்கிறார்கள்? ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்கும் தந்தைக்கு இச்சட்டத்தில் இடமில்லை. ஊராரோ அவரைக் கேலி பேசுகின்றனர். 2023 சனவரி முதல் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 98 நாள், தந்தைக்கோ ஏழு நாள். பிள்ளை வளர்ப்பு யாருடைய வேலை என்று நாம் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டும்.

ஆகவே, என் வேண்டுகோள் இதுதான்.

ஆசிரியர்களே! 'வேலை செய்யவில்லை' என்று மாணவர் எழுதினால், 'என் தாயார் வீட்டுப் பணியும் குழந்தை வளர்ப்பும் செய்கிறார்' என்று திருத்துங்கள். "வீட்டில்தானே இருக்கிறீர்கள், உடனே வாருங்கள்" என்று அவரை மட்டும் பள்ளிக்கு அழைக்காதீர்கள், தந்தையையும் அழையுங்கள். பெற்றோர் கூட்டத்தில் கைக்குழந்தை அழுதால் முகம் சுளிக்காதீர்கள்.

தந்தையரே! வாரத்தில் ஒரு முழு முற்பகல் பிள்ளையை நீங்கள் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பகலில் அரிசியையும் திருநீற்றையும் கூட்டி முடித்த பிறகு, 'சும்மா' என்ற அந்தச் சொல் உங்கள் வாயில் வருகிறதா என்று பார்ப்போம்.

குழந்தை கையிட்டுக் கலக்கிய உணவின் சுவையைத் திருவள்ளுவர் போற்றியதை மேடைதோறும் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். அந்த உணவைத் தரையிலிருந்து துடைத்தெடுப்பவரையும் இனி மதிக்கக் கற்போம்.