"சேர், ராவணன் எந்த சைட்?"

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை இன்டர்வெல் முடிந்து தரம் 9க்குள் போகிறேன், இரண்டு பையன்களுக்குள் வாக்குவாதம். ஒருவன் தோட்டத்துப் பிள்ளை. மற்றவன் டவுனில் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவரின் மகன். ஏதோ கேம் வீடியோவில் ராமரும் ராவணனும் ஒரே டீமில் நின்று சண்டை பிடிக்கிறார்களாம். "அப்படி இருக்கவே இருக்காது" என்கிறான் ஒருவன். "நான் கண்ணால பாத்தேன்டா" என்கிறான் மற்றவன். கடைசியில் என் பக்கம் திரும்பி, "சேர், ராவணன் எந்த சைட்?" என்றான்.

சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடு வரைக்கும் வந்துவிட்டது.

பையன் சொன்னது பொய் இல்லை. 'ஸ்மைட்' என்று ஒரு அமெரிக்க ஒன்லைன் கேம். கிரேக்கம், எகிப்து, இந்தியா என்று பல நாட்டுத் தெய்வங்கள் அதில் இருக்கின்றன. ஆளுக்கொரு தெய்வத்தை எடுத்துக்கொண்டு ஐந்து பேர் ஒரு டீமாகச் சண்டை பிடிக்க வேண்டும். காளி, அக்னி, வாமனர், கணேசர், ராமர், ராவணன், கும்பகர்ணன் எல்லோரும் உண்டு. விளையாடி விளையாடிச் சேர்த்தும் எடுக்கலாம், காசு கட்டியும் எடுக்கலாம். யாரோடு யார் சேரலாம் என்பதற்கு ஒரு தடையும் இல்லை. எவ்வளவு அடி விழும் என்பதுதான் கணக்கு.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். தெய்வத்தைப் படமாகக் காட்டலாமா என்பதில் எங்கள் மார்க்கத்தின் நிலை உங்களுக்குத் தெரியும். அதை நான் அயல் வீட்டுக்காரர் மேல் திணிக்கப் போவதில்லை. நான் சொல்ல வருவது வேறு. பலமுள்ள ஒருவர் நம் பக்கம் நிற்கிறார் என்றால், ஏன் நிற்கிறார்? அந்தக் கேள்வியையே இந்தக் கேம்கள் எடுத்துவிடுகின்றன.

ராமாயணத்தை நான் வேதமாகப் படித்தவன் அல்ல. தமிழ் வாத்தியாராகப் படித்தவன். அந்தக் கதையின் உயிரே யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதில் இருக்கிறது. அண்ணன் செய்தது பிழை என்று கண்ட வீடணன், அண்ணனை விட்டு ராமனிடம் போனான். அதே பிழையைக் கண்ட கும்பகர்ணன், அதை அண்ணனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனுக்காகவே போய்ச் செத்தான். இரண்டு பேரில் யார் சரி என்று இன்றைக்கும் பட்டிமன்றம் வைக்கிறோம். பாரதத்தில் துரியோதனன் கிருஷ்ணரின் படையை எடுத்துக்கொண்டான். ஆயுதமே தொடமாட்டேன் என்ற கிருஷ்ணரை அர்ச்சுனன் கேட்டான். அடியைக் கணக்குப் போட்டவன் தோற்றான்.

நம் தோட்டங்களில் அருச்சுனன் தபசு ஆடுவதைச் சின்ன வயதில் நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். சிவனின் ஆயுதம் வேண்டுமென்றால் அருச்சுனன் தபசு மரத்தில் ஏற வேண்டும். போதாததற்கு சிவனே வேடனாக வந்து அவனோடு மோதுவார். துணை சும்மா கிடைக்காது என்பதை அந்தப் பனியில் போர்வைக்குள் சுருண்டு கிடந்து பார்த்த பிள்ளைக்கு யாரும் தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

இனி எங்கள் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஜூனில் பப்ஜி மொபைலில் ஒரு காட்டு மோட் வந்தது நினைவிருக்கலாம். அதில் சிலை மாதிரி நிற்கும் டோட்டத்தின் முன் நம் ஆள் வணங்கினால் சக்தி ஏறும். குவைத், சவூதி பக்கமிருந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கம்பனி மன்னிப்புக் கேட்டு அதை எடுத்துவிட்டது. அல்லாஹ்விடம் மட்டும் கேட்க வேண்டியதை இன்னொன்றிடம் கேட்கும்படி நம் பிள்ளையின் விரலைப் பழக்கக் கூடாது என்று நாமும் கோபப்பட்டோம். நியாயமான கோபம்தான்.

ஆனால் 2012இல் இதே ஸ்மைட்டில் காளியை அரைகுறை உடுப்போடு காட்டியதற்கு அமெரிக்க இந்துக்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது நம்மில் எத்தனை பேருக்கு அது செய்தியாகப் பட்டது? அங்கே கத்தோலிக்க, யூத, பௌத்த மதத்தவர்கள் சிலரும் அவர்களோடு சேர்ந்து குரல் கொடுத்தார்கள். கம்பனி அந்தத் தெய்வங்களை நீக்கவில்லை. எதிர்ப்பது பெரிய சந்தையாக இருந்தால் காது கேட்கிறது, இல்லாவிட்டால் கேட்பதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால்தான் சொல்கிறேன், நமக்கு வலித்தால் மட்டும் கத்துவது போதாது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கடையில் சாமான் கொடுக்கும் நாம், அவர்களின் அம்மனை இப்படிக் காட்டும்போதும் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

எல்லாக் கேமும் கெட்டது என்றும் சொல்லமாட்டேன். 2020இல் புனேயில் ஒரு சின்ன நிறுவனம் 'ராஜி' என்று ஒன்று செய்தது. கடத்தப்பட்ட தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண்பிள்ளையின் கதை. துர்க்கை சூலம் கொடுக்கிறாள், விஷ்ணு வில் கொடுக்கிறார். ஆனால் ஓடுவதும் தாண்டுவதும் விழுவதும் அந்தப் பிள்ளைதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வை நம்பு என்று எங்களுக்குச் சொல்லித்தந்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

மலையகத்துப் பிள்ளைக்கு இது வெறும் விளையாட்டு விஷயம் இல்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். கொழுந்து பறித்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பலசாலி யார் என்று பார்ப்பதோடு நின்றால் நமக்கு என்ன நடக்கும் என்பது இந்த மலைக்குத் தெரியும். அவர் ஏன் நம்மோடு நிற்கிறார் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை வேண்டும்.

அடுத்த நாள் அந்த வகுப்புக்கே ஒரு வேலை கொடுத்தேன். "உங்களுக்கு ஒரு துணை எடுக்கலாம். யாரை எடுப்பீர்கள், ஏன்? பலசாலி என்ற காரணம் மட்டும் எழுதக் கூடாது." பத்து நிமிடம் சத்தமே இல்லை. ஒரு பிள்ளை கும்பகர்ணனை எழுதியிருந்தாள். "நான் பிழை செஞ்சா மூஞ்சிக்கு நேரா சொல்லுவாரு. ஆனா விட்டுட்டுப் போக மாட்டாரு." கேம் வீடியோ பார்த்த பையன் அவனுடைய ஆச்சியை எழுதியிருந்தான். காரணம்: "காலைல அஞ்சு மணிக்கு எழும்பி ரொட்டி சுடும்."

ராவணன் எந்த சைட் என்பதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நுவரெலியாவில் இறங்கி வெலிமடை பஸ்ஸில் ஏறினால் சீத்தா எலிய கோயில் வந்துவிடும். அங்கே ராவணன் சீதையைச் சிறை வைத்தவன். சிங்களச் சகோதரர்கள் பலருக்கு அவன் பழைய பெரிய அரசன். 2019இல் விண்வெளிக்குப் போன இலங்கையின் செய்மதிக்கும் அவன் பெயர்தான். தமிழில் அவன் சிவபக்தன். வகுப்பைக் கூட்டிக்கொண்டு அந்தக் கோயிலுக்கு ஒரு நாள் போக நினைக்கிறேன். இரண்டு பையன்களையும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார வைப்பேன்.

பெற்றோரிடம் ஒன்றுதான் கேட்கிறேன். போனைப் பறிப்பதற்கு முன்னால் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். "இவர் யாரு? ஏன் உன் பக்கம் நிக்கிறாரு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் கதையை நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால் ஆச்சியிடம் அனுப்புங்கள்.