எல்லை தாண்டும் ஏடிஎம் அட்டை: கட்டணத்தில் கரையும் ஹஜ், உம்ரா சேமிப்பு

இலவச வரம்பைத் தாண்டி ஏடிஎம்மில் பணம் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை வசூலிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 மே 1 முதல் வங்கிகளுக்கு அனுமதி அளித்தது. அதற்கு முன் உச்சவரம்பு 21 ரூபாய். உயர்வு இரண்டே ரூபாய்தான். ஆனாலும் நாளிதழ்கள் முதல் வாட்ஸ்அப் குழுக்கள் வரை அது பேசுபொருளானது. சென்னை போன்ற பெருநகரில் பிற வங்கி ஏடிஎம்மில் மாதம் மூன்று முறைதான் இலவசம். அதை நினைவில் வைத்துக்கொண்டு, லஸ் முனையில் கண்ணெதிரே ஓர் இயந்திரம் இருந்தும் தம் சொந்த வங்கி ஏடிஎம்மைத் தேடி கச்சேரி சாலைப் பக்கம் நடப்பவர்கள் மயிலாப்பூரில் உண்டு. இந்தச் சிக்கனம் பாராட்டத்தக்கது.

ஆனால் அதே மனிதர் உம்ராவுக்குச் சென்று, மக்காவில் ஓர் இயந்திரத்தில் அதே அட்டையைச் செருகி 200 ரியால் எடுத்தால், அவருடைய கணக்கில் கட்டணமாக மட்டும் 300 ரூபாய்க்கு மேல் கழியக்கூடும். உள்ளூரில் 23 ரூபாய்க்காக நடந்தவர், வெளியூரில் 300 ரூபாய் போனதை அறியாமலேயே ஊர் திரும்புகிறார். இந்த முரண்பாட்டைத்தான் நாம் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

2023இல் வந்த மாற்றம்

இந்திய ஹஜ் கமிட்டி வழியாகச் செல்லும் பயணிகளிடம் முன்பு ரூபாயாகப் பெற்றுக்கொண்டு, புறப்படும்போது ஆளுக்கு 2,100 ரியால் கையில் கொடுப்பார்கள். செலவுப் பணத்தைப் பற்றிப் பெரியவர்கள் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 2023ஆம் ஆண்டு ஹஜ் முதல் இந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. தேவையான ரியாலைப் பயணிகளே ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றாகி, அதற்கு பாரத ஸ்டேட் வங்கியின் சேவையும் அறிவிக்கப்பட்டது. எவ்வளவு கொண்டு செல்வது என்பதை அவரவரே முடிவு செய்யலாம் என்ற வகையில் இது நல்ல மாற்றம்தான். ஆனால் பணத்தை எந்த வடிவில் கொண்டு செல்வது என்ற முடிவும் குடும்பங்களின் தலையில் விழுந்தது. ஏடிஎம் திரையை மகனோ பேரனோ இயக்கிப் பழகிய வீடுகளில், தனியாகச் செல்லும் வயதான தம்பதிக்கு இது சிறிய விஷயம் அல்ல.

பாதுகாப்பு எல்லையோடு நின்றுவிடுகிறது

உள்நாட்டில் ஏடிஎம் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. வெளிநாட்டில் எடுக்கும் பணத்துக்கு எவ்வளவு வசூலிப்பது என்பதை ஒவ்வொரு வங்கியும் தானே நிர்ணயிக்கிறது. உள்நாட்டில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் ஐந்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் பிறப்பித்த இந்த உத்தரவு உள்நாட்டுப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே பொருந்தும். மக்காவில் இயந்திரம் பணத்தைத் தராமல் போனால் நம் வங்கியில் புகார் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இயந்திரம் தரும் ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

பணம் எங்கெல்லாம் கழிகிறது?

வெளிநாட்டு ஏடிஎம்மில் நான்கு இடங்களில் பணம் கழியலாம். முதலாவது, நம் வங்கி ஒவ்வொரு முறைக்கும் எடுக்கும் நிலையான கட்டணம். பல வங்கிகளில் இது 100 முதல் 150 ரூபாய் வரை இருக்கிறது. இரண்டாவது, நாணய மாற்றுக்காக எடுக்கும் சதவீதம். இதை ‘மார்க்கப்’ என்பார்கள், 3.5 சதவீதம் வரை போகிறது. இவ்விரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மூன்றாவது, அந்நாட்டு இயந்திரத்தின் உரிமையாளர் கேட்கும் கட்டணம். இது எல்லா இயந்திரங்களிலும் இருக்காது. நான்காவதுதான் பெரும்பாலோர் கவனிக்காதது. அதற்குப் பிறகு வருவோம்.

கணக்கு எளிதாக இருக்க ஒரு ரியால் 23 ரூபாய், நிலையான கட்டணம் 125 ரூபாய், மார்க்கப் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரியாலை ஒரே முறையில் எடுத்தால் அதன் மதிப்பு 23,000 ரூபாய். கட்டணம் 125 ரூபாய், மார்க்கப் 805 ரூபாய், ஜிஎஸ்டியும் சேர்ந்து ஏறத்தாழ 1,097 ரூபாய் போகும். அதே 1,000 ரியாலை 200, 200 ஆக ஐந்து முறை எடுத்தால் 1,687 ரூபாய் போகும். ‘கையில் அதிகம் வைத்திருக்க வேண்டாம், தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம்’ என்ற நம் வழக்கமான எச்சரிக்கை இங்கே கூடுதலாக 590 ரூபாயைக் கேட்கிறது. இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்குக்கூட பல வங்கிகள் தனிக் கட்டணம் எடுக்கின்றன. அதை மொபைல் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

திரை கேட்கும் கேள்வி

இப்போது நான்காவது இடம். இந்திய அட்டை என்று தெரிந்ததும் சில இயந்திரங்கள், ‘உங்கள் கணக்கில் இவ்வளவு ரூபாய் கழியும், இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?’ என்று கேட்கும். ரியாலில் தெரியாத தொகை ரூபாயில் தெரிவதால், இது நமக்கு உதவி செய்வதுபோல் தோன்றும். உண்மையில் அந்த விகிதத்தை நிர்ணயிப்பது அந்த இயந்திரத்தின் தரப்பு. லாபம் அதற்குள்ளேயே இருக்கிறது. இதற்கு ‘டைனமிக் கரன்சி கன்வர்ஷன்’ என்று பெயர். ஒரு ரியாலுக்கு 24 ரூபாய் 50 காசு என்று அது கணக்கிட்டால், 1,000 ரியாலுக்கு 1,500 ரூபாய் கூடுதலாகப் போகும். நம் வங்கியின் நிலையான கட்டணம் அதற்கு மேல் வரும். இப்படி ரூபாயில் நடக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கும் சில வங்கிகள் தனியே ஒரு சதவீதம் எடுக்கின்றன.

இந்தக் கேள்வி வந்தால் ‘டிக்ளைன்’ என்பதை அழுத்த வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். மறுத்துவிட்டால் பணமே வராது, அட்டை முடங்கிவிடும் என்று பயந்து ‘அக்செப்ட்’ என்பதை அழுத்திவிடுகிறார்கள். மறுப்பது அந்த விகிதத்தை மட்டுமே. பொதுவாக, மறுத்த பிறகும் பணம் வரும். கணக்கு மட்டும் ரியாலில் நடக்கும். கடைகளில் அட்டையைத் தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும். எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சவூதி ரியால் 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்ற நிலையான மதிப்பில் இருந்து வருகிறது. எனவே அன்றைய டாலர் மதிப்பை 3.75ஆல் வகுத்தால் ரியாலின் உண்மையான மதிப்பு தெரிந்துவிடும். திரை காட்டும் விகிதம் நியாயமானதா என்பதை வீட்டிலிருந்தே சரிபார்க்க இந்த ஒரு கணக்கு போதும்.

கிரெடிட் கார்டில் பணம் வேண்டாம்

அவசரத்துக்கு கிரெடிட் கார்டில் பணம் எடுப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத தவணைக்காலம், ஏடிஎம்மில் எடுக்கும் பணத்துக்குக் கிடையாது. பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். ரொக்கம் எடுத்ததற்கான கட்டணமும் மார்க்கப்பும் தனி. ‘பில் வந்ததும் முழுதாகக் கட்டிவிடுவேன், எனக்கு வட்டி வராது’ என்று நம்பி கிரெடிட் கார்டு வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு இந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. வட்டியிலிருந்து விலகி நிற்கக் கவனமாக இருப்பவர், புனிதப் பயணத்திலேயே அறியாமல் வட்டி கட்டும் நிலை வரக்கூடாது.

என்ன செய்யலாம்?

முதல் சில நாட்களுக்குத் தேவையான ரியாலை உரிமம் பெற்ற நாணய மாற்று நிறுவனத்திலோ வங்கியிலோ வாங்கிச் செல்லலாம். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாக வாங்க முடியாது. ஹஜ், உம்ரா பயணிகளுக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு. அதற்காக முழுப் பணத்தையும் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு தவாஃபில் நுழைவது சரியல்ல. கூட்டத்தில் தொலைந்தால் மீட்க வழியில்லை.

மீதிப் பணத்துக்கு ஃபாரெக்ஸ் கார்டு ஏற்றது. அதில் டாலரை அல்ல, ரியாலையே ஏற்ற வேண்டும். டாலரை ஏற்றி ரியாலாக எடுத்தால் இன்னொரு நாணய மாற்றுக் கட்டணம் வரலாம். பல ஃபாரெக்ஸ் கார்டுகளில் ஒரு முறை பணம் எடுக்க 2 டாலர் அளவுக்கே கட்டணம். ஆனால் பணம் ஏற்றும்போது தரும் விகிதத்தில் லாபம் ஒளிந்திருக்கலாம் என்பதால், இரண்டு மூன்று இடங்களில் விகிதத்தைக் கேட்டு ஒப்பிட வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை பயணச் செலவுக்கு வெளிநாட்டுப் பணம் வாங்க டிசிஎஸ் வரிப் பிடித்தம் கிடையாது. அந்தப் பயத்தில் ஃபாரெக்ஸ் கார்டைத் தவிர்க்க வேண்டியதில்லை.

மார்க்கப் வாங்காத டெபிட் அட்டைகளையும் சில வங்கிகள் தருகின்றன. நம் அட்டைக்கு எவ்வளவு என்பதை வங்கியின் கட்டணப் பட்டியலில் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். 2020 அக்டோபர் முதல் புதிய அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே இயங்கும்படி தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியிலோ கிளையிலோ நாம்தான் திறந்துகொள்ள வேண்டும். இதை அங்கே போன பிறகு கண்டுபிடிப்பவர்கள் உண்டு. திரும்பியதும் மூடிவிடுவது நல்லது. கணவன், மனைவி இருவரும் வேறு வேறு அட்டைகளை வேறு வேறு பைகளில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இது ஹாஜிகளுக்கு மட்டுமான பிரச்சினையும் அல்ல. அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குச் செல்லும் மயிலாப்பூர்ப் பெற்றோரும் இதே திரையின் முன் நிற்கிறார்கள். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளும் அந்நாட்டு அட்டையை லஸ்ஸில் செருகி இதே இழப்பைச் சந்திக்கிறார்கள். அவர்கள் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்குக்கு முன்கூட்டியே பணம் அனுப்பி, அதன் அட்டையில் எடுத்தால் இந்தச் செலவு இல்லை. இலங்கை செல்வோருக்கு 2024 பிப்ரவரி முதல் அங்குள்ள கடைகளில் யுபிஐ மூலம் பணம் செலுத்தும் வசதி வந்திருப்பதால் ரொக்கத்தின் தேவையே குறைந்திருக்கிறது.

யார் என்ன செய்ய வேண்டும்?

நாணய மாற்றில் எத்தனை சதவீதம் கூடுதலாக வாங்குகிறோம் என்பதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் சட்டம் இயற்றி, 2020 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வெளிநாடு செல்லும் நம் நாட்டில், வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறக்கும் அந்த நொடியிலேயே மொத்தக் கட்டணத்தையும் ஒரே வரியில் அவரவர் மொழியில் காட்டும்படி வங்கிகளை ரிசர்வ் வங்கி பணிக்கலாம். கட்டணத்தைக் குறைக்கச் சொல்வதற்கு முன், மறைக்காமல் சொல்லச் சொல்வதே நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

அது வரும்வரை ஜமாஅத்துகளும் பயண ஏற்பாட்டாளர்களும் காத்திருக்கத் தேவையில்லை. ஹஜ், உம்ரா பயிற்சி வகுப்புகளில் இஹ்ராம் அணியும் முறையைச் செய்து காட்டுகிறோம். அதே வகுப்பில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஏடிஎம் திரையின் படங்களைக் காட்டி, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லித் தரலாம். வீட்டிலிருக்கும் பிள்ளைகள் ஒரு சிறு தாளில் நான்கு வரி எழுதிப் பெற்றோரின் கடவுச்சீட்டு உறையில் வைக்கலாம்: ரியாலையே தேர்ந்தெடுங்கள், சில முறை மட்டும், மொத்தமாக எடுங்கள், கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்காதீர்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின் எண்ணை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம்.

பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த ஹலாலான பணம் அது. பயணத்தில் அது நம் பெற்றோரின் தேவைக்கே முழுமையாகப் பயன்படட்டும்.