அண்ணன் காலணி, தம்பி கால்



ஜூன் மாதம் பிறந்து பள்ளிகள் திறக்கும் வேளையில் பல இல்லங்களில் ஒரு சிறு வழக்கு எழுவதுண்டு. மூத்தவனுக்குப் புதுக் காலணி. இளையவனுக்கு அண்ணன் கழற்றிப் போட்டது. "எனக்கு மட்டும் ஏன் எப்போதும் பழையது?" என்று சின்னவன் கேட்டால் நம்மிடம் விடை இராது. எங்கள் வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. காலணி பெரிதாயிற்றே என்று முனையில் பஞ்சைத் திணித்து அனுப்பினேன். மாலையில் குதிகாலில் கொப்புளத்தோடு திரும்பினான். பழையதைக் கொடுத்தது பிழையன்று. சீர்ப்படுத்தாமல் கொடுத்ததே பிழை.

முதலில் காலணியை மேசைமேல் வைத்துப் பின்புறமிருந்து பாருங்கள். அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தால் அதனைப் பிள்ளைக்கு அணிவிக்க வேண்டாம். பிள்ளையை நிற்கவைத்து அளவு பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ 1 செ.மீ. இடம் இருத்தல் வேண்டும். தோல் அகலத்தில் சற்று இளகிக் கொடுக்கும், நீளத்தில் கொடாது. ஆகவே, விரல் இடிக்கும் காலணியை எந்தக் கைவேலையாலும் சரிசெய்ய இயலாது.

சிறிது பெரிதாயிருப்பின், பழைய உள்தளத்தை நீக்கிவிடுங்கள். முன்பு அணிந்தவரின் பாதத் தடம் அதில் பதிந்திருக்கும். அதனை அட்டையில் வைத்து வரைந்து, அவ்வளவுக்குக் கெட்டியான கம்பளித் துணியை வெட்டிப் பரப்புங்கள். அட்டையையே உள்ளே வைத்தால் வியர்வையில் நைந்துவிடும். காலணியின் நாக்கின் உட்புறம் ஒரு சிறு கம்பளித் துண்டை ஒட்டினால், பாதம் முன்னே வழுக்காமல் குதிகாலோடு பொருந்தி நிற்கும். பஞ்சு செய்யத் தவறியது இதனைத்தான்.

அகலம் இறுக்கமாயிருப்பின், ஈரமான செய்தித்தாளை உள்ளே இறுக அடைத்து, நிழலில் ஓரிரவு வையுங்கள். வெயிலிலும் அடுப்பருகிலும் உலர்த்தினால் தோல் வெடித்துவிடும்.

தையல் விட்டிருந்தால், பருத்த நூலை மெழுகுவர்த்தித் துண்டின்மேல் இழுத்து, அதன் இரு முனைகளிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். பழைய துளைகளிலேயே இரு ஊசிகளையும் எதிரெதிர்ப் பக்கமிருந்து செலுத்தித் தையுங்கள். ஓரிழை அறுந்தாலும் மற்றது தாங்கும். அடிப்பாகம் பிரிந்திருந்தால், இரு பரப்புகளையும் உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் சொல்யூஷனை மெல்லப் பூசி, 10 நிமிடம் காற்றாட விட்ட பின்னரே அழுத்தி ஒட்டுங்கள். விளக்கையும் அடுப்பையும் அப்போது தொலைவில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நீரிழிவினால் பாத உணர்ச்சி குறைந்த பெரியவர்களுக்குப் பிறர் அணிந்த காலணி வேண்டாம். உரசுவதை அவர்கள் அறியமாட்டார்கள். புண் பெரிதான பின்னரே தெரியவரும்.

இறுதியாக, புது நாடாவை மட்டும் கடையில் சின்னவனே தெரிந்தெடுக்கட்டும். மெருகேற்றும் துணியையும் அவன் கையிலேயே கொடுங்கள். மறு ஆண்டு எங்கள் சின்னவன் தானே தேய்த்து மினுக்கிய காலணியை அணிந்துகொண்டு வாசலில் நின்றான். அது யாருடையது என்று எவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.