சுவரில் ஒட்டினால் போதுமா?

என் அன்பு மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்களே சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினான். அவன் மகள் படிக்கும் அரசுப் பள்ளியில், வகுப்பறைச் சுவரில் பத்துக் கட்டளைகள். "பாத்தீங்களா டீச்சர், அமெரிக்கா திருந்துது. உங்களுக்குச் சந்தோஷமா இருக்குமே" என்று கூடவே ஒரு வரி.

இல்லை தம்பி, எனக்குச் சந்தோஷம் இல்லை. ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவள் நான். அந்தப் பத்தையும் ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவள். அதனால்தான் சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: அரசுப் பள்ளி வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று லூசியானா 2024இல் சட்டம் போட்டது, டெக்சாஸ் 2025இல் போட்டது. டெக்சாஸ் சட்டத்தில் அளவுகூட உண்டு: 16 அங்குல அகலம், 20 அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. கென்டக்கி மாநிலத்தின் இதே மாதிரிச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1980லேயே ரத்து செய்தது. இப்போது எதிர்த்து வழக்குப் போட்டவர்களும் நாத்திகர்கள் மட்டுமில்லை. டெக்சாஸில் ஒரு யூத ரப்பி, லூசியானாவில் கிறிஸ்தவப் போதகர்கள்.

பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வருமாம். சரி, "கொலை செய்யாதே" என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

2022 மே 24. அதே டெக்சாஸில் யுவால்டி என்ற சிற்றூர். தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்த 18 வயதுப் பையன் 19 பிள்ளைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி திருடியது இல்லை. 18 வயது நிறைந்ததும் சட்டப்படி வாங்கியது. அந்த வகைத் துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்குங்கள் என்று கேட்க, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் 2023இல் சட்டமன்றத்தில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். மசோதா முழு அவையின் ஓட்டெடுப்புக்கே வரவில்லை. அந்த வயதை மாற்ற நேரமில்லாத சட்டமன்றத்துக்கு, இரண்டே வருஷத்தில் போஸ்டரின் அளவை அங்குலக் கணக்கில் எழுத நேரம் கிடைத்தது.

கொலை செய்யாதே என்பதை யாருக்குச் சொல்ல வேண்டும்? நாலாம் வகுப்புப் பிள்ளைக்கா?

கடவுள் பெயரை வீணாக எடுக்காதே என்பதும் அந்தப் பத்தில் ஒன்றுதான். ஓட்டுக்காக எடுப்பதைவிட வீண் வேறென்ன? அரசாங்கம் சட்டம் போட்டு ஒட்டினால் அது வேதம் இல்லை, சுற்றறிக்கை.

நானும் தப்பு செய்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலை ஜெபத்தில் வாய் திறக்காத ஒரு முஸ்லிம் பிள்ளையை எழுப்பி, "ஏன் சொல்லல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவள் அழவில்லை. மறுநாளிலிருந்து உதட்டை மட்டும் அசைத்தாள். நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது பக்தி இல்லை, நடிப்பு. இன்றைக்கும் உறுத்துகிறது.

தம்பி, உன் மகளுக்குப் பக்கத்தில் அப்படியொரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். இங்கே நம் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியில் வேறொரு மதத்தின் வாசகத்தை இப்படி மாட்டினால், எனக்கு என்ன எழுதி அனுப்புவாய்? யோசி.

கட்டளைகளை உன் மகளுக்கு நீயே சொல்லிக்கொடு. அவள் முன்னால் பொய் சொல்லாமல் இரு. அது போதும்.

கமெண்டில் என்னோடு சண்டை போடலாம், மரியாதை மட்டும் குறையக் கூடாது. குழந்தைக்கு என் முத்தங்கள்.

உங்கள் டீச்சர்